முழு சார்ஜ்

உங்கள் வீட்டம்மாவுக்கு இடம் கிடைத்துவிட்டது சார், நான் பார்த்தேன். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட். குழந்தைக்கு ஜன்னலோரம். நீங்கள்தான் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்து, கடைசியில் வெளியே நின்றுவிட்டீர்கள். நின்றுகொண்டே வருகிறேன் என்று கெஞ்சியும் கண்டக்டர் விடவில்லை. இந்தப் புதுப் பஸ்ஸில் சீட்டுக்கு ஓர் ஆள்தான். மலைப் பாதையில் யாரும் நிற்கக் கூடாதாம்.

போகட்டும் விடுங்கள். அடுத்த பஸ் பதினொன்றரைக்கு. நாற்பது நிமிஷம்தான். கார் சாவி யாரிடம் இருக்கிறது? உங்களிடமா? அப்படியென்றால் அவர்கள் கீழே மைதானத்தில் வெயிலில் கொஞ்சம் நிற்க வேண்டியதுதான். கீழே வெயில் கொளுத்தும். இங்கே பாருங்கள், மணி பதினொன்று ஆகப்போகிறது, எதிரே இருக்கிற டீக்கடை தெரியவில்லை. அப்படிப் பனி.

இந்த பெஞ்சில் உட்காருங்கள். ஈரமாக இருக்கும், இந்தச் சாக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நானா? நான்தான் சார் இந்த பஸ்களுக்கு சார்ஜ் போடுகிறவன். சடையப்பன் என்று பெயர். இதோ இந்தக் கொட்டகை, அந்த இரண்டு மெஷின், தும்பிக்கை மாதிரித் தொங்குகிற அந்த வயர், எல்லாம் என் பொறுப்பு. உங்கள் வீட்டம்மா போகிற பஸ்ஸுக்கு நான்தான் போட்டேன். முழுசாகப் போட்டேன். நூற்றுக்கு நூறு. நடுவழியில் நின்றுவிடுமோ என்று நீங்கள் பயப்படவே வேண்டாம்.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை கிடையாது. அவரவர் காரிலேயே மேலே வந்து ஏரியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். போன வருஷம் சித்திரையில் ஒரு நாள் பதினோரு மணி நேரம் ஒரு வண்டியும் நகரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. வெளியூர்க் கார் மேலே வரக் கூடாது. அடிவாரத்தில் புளியந்தோப்பை வெட்டிச் சமமாக்கிய மைதானத்தில் காரை நிறுத்து, கரண்ட் பஸ்ஸில் ஏறி மேலே வா. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. புகை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் இருபத்தாறு வருஷம் இந்த மலையில் மினிபஸ் ஓட்டியவன் கதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. பெர்மிட்டை நிறுத்தினார்கள், வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். என்னையும் சேர்த்துப் போட்டிருக்கலாம்.

ஒன்று சொல்கிறேன் சார். அந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் என் வண்டி வழியில் நின்றது. என் தப்பு இல்லை. முதலாளி கஞ்சன். காலையில் பத்து லிட்டர் டீசலை ஊற்றிவிட்டு, போதும் போ என்பார். ஐப்பசி மழை. ஊசிப்பாறைக்குக் கீழே ஏற்றத்தில் டீசல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. உள்ளே பிரசவ வலியோடு ஒரு பெண், மேலே ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். மூன்று மணி நேரம் சார். ஒரு ஜீப் வரவில்லை. பிள்ளை தங்கவில்லை. அந்தப் பெண்ணுடைய அம்மா இறங்கி வந்து, "எண்ணெ இருக்கான்னு பாக்காம எடுத்துட்டு வர்றவனெல்லாம் டிரைவரா?" என்று கேட்டு என் முகத்தில் துப்பினாள். நான் துடைக்கவில்லை. மழைதான் துடைத்தது.

அன்றிலிருந்து முழு டேங்க் இல்லாத வண்டியை நான் எடுத்ததில்லை. என் கையில் காசு போட்டாவது ஊற்றிக்கொண்டுதான் கிளம்புவேன். பாதி போதும், முக்கால் போதும் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கன்னத்தில் அந்த எச்சில் வழிகிற மாதிரி இருக்கும்.

அதே முதலாளியிடம் இன்னொரு டிரைவர் இருந்தான். இருதயராஜ். மாற்று டிரைவர். முதலாளிக்குச் செல்லப்பிள்ளை. ஏன் தெரியுமா? இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியை அப்படியே உருட்டிக்கொண்டு போவான். டீசல் மிச்சம். சார், உங்களுக்கு மலையில் ஓட்டிப் பழக்கமா? இல்லையா? அப்படியென்றால் கேட்டுக்கொள்ளுங்கள். இறக்கத்தில் கியர்தான் வண்டியைப் பிடித்து வைக்கிற கை. இரண்டாவது கியரில் போட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கைச் சும்மா தொட்டால் போதும். அந்தக் கையை எடுத்துவிட்டு வெறும் பிரேக்கை நம்பினால் ஏழெட்டு வளைவுக்குள் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். மிதித்தால் கால் தரை வரைக்கும் போகும். வண்டி நிற்காது. மலையில் நியூட்ரலில் இறக்குகிறவன் டிரைவர் இல்லை சார், கொலைகாரன்.

அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். சிரித்தான். "ஒனக்கு ஓட்டத் தெரியலைங்கிறதுக்காக வண்டிய டீசலு குடிக்க விடுறியே சடையா" என்றான். அந்த வருஷம் பொங்கலுக்கு முதலாளி மேடை போட்டு, டீசல் சிக்கனம் என்று சொல்லி அவனுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். எனக்கு ஒரு துண்டு. ஊரே பார்க்கிறது, எனக்குத் துண்டு. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கே அந்தத் துண்டால் வண்டிக்கு அடியில் கிரீஸ் துடைத்தேன்.

அவன் வண்டி ஒரு நாளும் கவிழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கட்டிலில் படுத்து, சர்க்கரை வியாதியில் செத்தான்.

அவன் மகள்தான் ரெஜினா. இந்த மலையில் கரண்ட் பஸ் ஓட்டிய முதல் பெண் என்று பேப்பரில் படம் போட்டார்களே, அவளேதான். ஊசிப்பாறையில் ரோட்டை ஒட்டி வீடு. வாசலில் நின்று கையை நீட்டினால் பஸ்ஸைத் தொடலாம்.

உங்கள் பஸ் இப்போது பேரிக்காய்த் தோட்டத்துப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். அது வரைக்கும் ரோடு சாதுவானது. ஊசிப்பாறை வரைக்கும் சாதுதான். அதற்குக் கீழே பதிமூன்று வளைவு, ஒன்றின் தலைமேல் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

கரண்ட் பஸ்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் நானும் போனேன், அவளும் வந்தாள். ஒரே நாள், ஒரே ஹால். ஓட்டிக் காட்டச் சொன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருப்பேன். ஆள் எடுக்க வந்தவன் டிவி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு படம் படமாகக் காட்டினான். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன். ஆமைப் படம் ஒன்று வந்தது. "ரோட்ல போறப்ப இது வந்தா என்ன செய்வீங்க பெரியவரே?" என்று கேட்டான். "எறங்கி, எடுத்து ஓரமா விட்டுருவேன்" என்றேன். ஹாலே சிரித்தது. பேட்டரி குறைந்தால் ஆமை வருமாம். எனக்கு யார் சொன்னார்கள்? எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். ஆனால் தோள் குலுங்கியது, நான் பார்த்தேன்.

அவளுக்கு வேலை கிடைத்தது. எனக்கு இல்லை. வெளியே வரும்போது அவள் மேனேஜரிடம் சொல்வது என் காதில் விழுந்தது. "மாமாவுக்குச் சார்ஜ் போடுற வேலையாவது குடுங்க சார். இந்த மலையில அவருக்குத் தெரியாத வளைவு இல்ல." சார்ஜ் போடுகிற வேலை*யாவது*. ஆவது! அந்த ஒரு சொல்லை நான் இன்னும் விழுங்கவில்லை சார். இருதயராஜ் மகள் போட்ட பிச்சையில்தான் நான் இந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே எஞ்சினியர் வந்தார். நௌஃபல் என்று பெயர். நல்ல மனுஷன்தான், ஆனால் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்வார். மேலேயிருந்து கீழே போகிற பஸ்ஸுக்கு எண்பதுக்கு மேல் வைக்கக் கூடாது என்றார். எண்பது! எனக்குக் கன்னம் எரிந்தது.

"ஏன் சார், மிச்ச இருபதை யாருக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஐயா, டீசல் வண்டிய ரெண்டாவது கியர்ல எறக்குவீங்கள்ல, அப்ப எஞ்சின் பிடிக்கும்ல? இதுல கியரு கெடையாது. கால எடுத்தா மோட்டாரே வண்டியப் பிடிக்கும். பிடிக்கிறப்ப கரண்ட் உண்டாகும், அது பேட்டரிக்குள்ள போகணும். பேட்டரி ஏற்கனவே ரொம்பியிருந்தா எங்க போகும்? போக எடமில்லேன்னா மோட்டார் பிடிக்காது. அப்புறம் நியூட்ரல்ல எறக்குற மாதிரிதான். அதுக்குத்தான் இருபது எடம் காலியா வைக்கச் சொல்றேன்" என்றார்.

தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் சிரிப்புதான். வயிறு நிறைந்தவனுக்குக் கை பிடிப்பு விட்டுப்போகும் என்கிற மாதிரி அல்லவா இருக்கிறது? போதாததற்கு, எண்பதில் கிளம்புகிற வண்டி கீழே போய்ச் சேரும்போது தொண்ணூறு காட்டுமாம். ஓடுகிற வண்டியில் எண்ணெய் கூடுமா சார்? இருபத்தாறு வருஷம் ஓட்டினேன், ஒரு சொட்டு கூடினதில்லை. பஸ் கம்பெனிக்காரன் எஞ்சினியரை ஏமாற்றுகிறான், எஞ்சினியர் என்னை ஏமாற்றுகிறார்.

என்ன சார், முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது? குளிருகிறதா? டீ சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

பதினைந்து நாள் எண்பது வைத்தேன். பதினாறாவது நாள் மனசு கேட்கவில்லை. மெஷினில் இரண்டு பொத்தான். ஒன்று எண்பதில் தானாக நிற்கும். இன்னொன்று முழுசாக ரொப்பும். அந்தப் பொத்தானை எதற்கு வைத்திருக்கிறான், அழகுக்கா? அழுத்திவிட்டேன். அன்றைக்கு ரெஜினாதான் வண்டி. இறங்கிப் போய் மறுபடி ஏறி வந்தவள் நேரே வந்து, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்தாள். கை நடுங்குகிறது. சக்கரத்துப் பக்கம் ரப்பர் கருகின வாடை.

"மாமா, கால எடுத்தேன், வண்டி பிடிக்கவே இல்ல. பிரேக்கும் போகப் போகக் கேக்கல. ஊசிப்பாறைக்குக் கீழ எட்டாவது வளைவுல செவுத்துல உரசித்தான் நிறுத்துனேன். எவ்வளவு வச்சீங்க?"

"மெஷினு தானா வச்சுருச்சு தாயி" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். "இனிமே பாத்து வைங்க மாமா. உள்ள முப்பத்தாறு பேரு" என்றாள். அவ்வளவுதான். இருதயராஜ் மகளுக்கு இறக்கத்தைக் கண்டு கை நடுங்குகிறது! அந்த ஒரு நாள் எனக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது சார். அவள் அப்பன் உயிரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் வைத்தேன். எல்லா நாளும் இல்லை. எஞ்சினியர் இல்லாத நாளில், அவள் வண்டிக்கு மட்டும்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? டாஷ்போர்டில் நூறு தெரிந்தால் ஆளை ஏற்ற மாட்டாள். காலி வண்டியை எடுத்துக்கொண்டு ஏரியை ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஹீட்டரை முழுசாகப் போட்டுக்கொண்டு சுற்றுவாள். சார்ஜைக் கரைக்கிறாளாம். நான் கண் விழித்துப் போட்ட சார்ஜ் சார்! அதைத் தெருவில் கொட்டிவிட்டு வந்து, அப்புறம் ஆளை ஏற்றுவாள். அரை மணி நேரம் தாமதம். இங்கே நிற்கிற ஜனம் என்னைத்தான் திட்டும்.

பார்த்தேன். செல்போனில் போட்டோ எடுத்தேன். ஏரிக்கரையில் காலி பஸ், ஜன்னலில் அவள் முகம், பக்கத்தில் பழக்கடைக்காரி ஒருத்தி கூடையோடு. கூடை கனமாக இருந்தது, ஏற்றிக்கொண்டேன் என்றாள் அப்புறம். நான் அதை மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அரசாங்க வண்டியை வைத்து ஊர்கோலம் போகிறாள் என்று சொன்னேன்.

விசாரணைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். "ஏம்மா காலியா சுத்துன?" என்று மேனேஜர் கேட்டார். "பேட்டரி அதிகமா இருந்துச்சு சார். அப்படியே எறக்குனா பிடிக்காது" என்றாள். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "எவ்வளவுய்யா வச்ச?" என்றார். "எண்பதுங்க. என்னைக்கும் எண்பதுதான்" என்றேன். கம்ப்யூட்டரில் பார்த்தால் தெரியும், ஆனால் அந்தக் கணக்கு கோயம்புத்தூர் ஆபீஸிலிருந்து வர வேண்டுமாம், பத்து நாள் ஆகுமாம். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள். "அவரு வயசானவரு சார், விடுங்க" என்று மட்டும் சொன்னாள். தப்பு செய்தவள்தானே சார் வாயை மூடுவாள்? உண்மை அவள் பக்கம் இருந்தால் பேச வேண்டியதுதானே?

பதினைந்து நாள் சஸ்பெண்ட். இன்றைக்கு நான்காவது நாள்.

மணி என்ன? பதினொன்று ஐந்தா? அப்படியென்றால் சர்ச் தாண்டியிருக்கும். புது டிரைவர் நிதானமானவன், பார்த்தீர்கள் அல்லவா? கிருபாகரன். கடலோரத்து ஆள். அங்கே டவுனுக்குள்ளே இதே மாதிரி பஸ்தான் ஓட்டினானாம். அங்கே ரோடு தட்டு மாதிரி இருக்கும். மரியாதை தெரிந்தவன் சார். வந்த அன்றைக்கே டீ வாங்கி வந்து, "அண்ணே, நீங்க பழைய டிரைவராமே, எதுன்னாலும் சொல்லிக்குடுங்க" என்றான். என்னைக் கேட்டான் சார்! இந்த ஒரு வருஷத்தில் என்னிடம் ஓட்டுவதைப் பற்றிக் கேட்ட முதல் ஆள்.

முந்தாநாளும் நேற்றும் நௌஃபல் கூடவே நின்றார். எண்பதுதான் வைக்க முடிந்தது. கிருபாகரன் இரண்டு நாளும் போய் வந்து, "சூப்பரா பிடிக்குதுண்ணே, பிரேக்கத் தொடவே வேணாம் போல" என்றான். பாவம், அந்தப் பிள்ளை எண்பதில் ஓட்டிவிட்டு அதையே பெரிதாகச் சொல்கிறான். நேற்று சாயங்காலம் நௌஃபல் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு ஆசை. என்னை அண்ணே என்று கூப்பிட்டவனுக்கு ஒரு நாளாவது முழுசாகக் கொடுத்து அனுப்ப வேண்டும். கொடுத்தேன்.

காலையில் வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு, "நூறுண்ணே! கலக்கிட்டீங்க" என்றான். எங்கள் ஊரில் எத்தனை பேர் வாயிலிருந்து இந்த வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்! அப்புறம் கேட்டான், "ஆனா இங்க ஒரு மஞ்ச வெளக்கு எரியுதே, ரெண்டு நாளா எரியலையே, என்னதுண்ணே?"

எனக்குத் தெரியும். ரெஜினா வண்டியிலும் நூறு வைத்தால் அது எரியும். அதைப் பார்த்துத்தான் அவள் ஏரியைச் சுற்றப் போவாள். "அது ஒண்ணுமில்ல தம்பி, ரொம்பியிருக்குன்னு காட்டுது. போகப் போகத் தானா அணைஞ்சுரும்" என்றேன். அவன் நம்பினான். எஞ்சினியர் சொன்னால்கூட அப்படி நம்பியிருக்க மாட்டான். அதற்கப்புறம்தான் உங்கள் வீட்டம்மா, குழந்தை எல்லோரையும் ஏற்றினார்கள்.

ஏன் சார் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். போனில் பேசப் போகிறீர்களா? கிடைக்காது. இங்கேயிருந்து கிளம்பினால் கீழே மைதானம் வரைக்கும் டவர் கிடையாது. ஊசிப்பாறையில் மட்டும் இரண்டு வீட்டுத் தூரத்துக்குக் கிடைக்கும். உங்கள் வீட்டம்மா போனில் இப்போது மணியே அடிக்காது.

டிரைவர் நம்பரா? நான் வாங்கிக்கொள்ளவில்லையே. வாங்கினாலும் அவனுக்கும் அதே டவர்தானே.

இருங்கள், எனக்குப் போன் வருகிறது. யார் என்று பாருங்கள். அவள்தான். காலையிலிருந்து ஆறாவது தடவை. புகாரை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சுவாள். எடுக்காமலே விட்டேன். உங்களுக்கு முன்னால் எடுக்கிறேன், எப்படிப் பேசுகிறேன் என்று பாருங்கள்.

"ம், சொல்லு... ஆமா, கெளம்பிருச்சு. பத்தே முக்காலுக்கு... அதெல்லாம் தெரியும்... இல்ல... இல்லேங்கிறேன்ல... எண்பதுதான். எண்பதுன்னா எண்பது. எத்தன தடவ சொல்ல?... ஏன், நான் பொய் சொல்றேங்கிறியா?... ரோட்ல நின்னு நனையாத. உள்ள போ. கஞ்சியக் குடிச்சுட்டுப் படு. வைக்கட்டுமா?"

பார்த்தீர்களா? வாபஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு திமிர். நௌஃபல் ஊருக்குப் போய்விட்டாரே, புது ஆளுக்கு யாரும் சொல்லவில்லையே என்று விடிந்ததிலிருந்து ஊசிப்பாறையில் ரோட்டில் நிற்கிறாளாம். கையில் சிவப்புத் துணி வேறு வைத்திருக்கிறாளாம். எண்பதுக்கு மேல் வைத்திருந்தால் சொல்லுங்கள் மாமா, வண்டியை இங்கேயே மறித்துவிடுகிறேன் என்கிறாள். சஸ்பெண்டில் இருக்கிறவள் சார்! வண்டியை மறிக்க இவள் யார்? எண்பது என்று நான் சொன்னதும், "கும்புடுறேன் மாமா, இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

என்ன சார், ஏன் கத்துகிறீர்கள்? எல்லோரும் பார்க்கிறார்கள்.

பொய்தான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. அவளிடம் நூறு என்று சொல்ல முடியுமா? சொன்னால் அன்றைக்கு மேனேஜர் முன்னால் சொன்னதும் பொய் என்று ஆகிவிடாதா? அப்புறம் அவள் திரும்பி வண்டியில் ஏறுவாள். நான் இந்தச் சாக்கும் இல்லாமல் தெருவில் நிற்பேன். இருதயராஜ் குடும்பத்துக்கு முன்னால் ஒரு தடவை துண்டோடு நின்றது போதும் சார்.

ஒன்றும் ஆகாது. கிருபாகரன் இளம் ஆள், காலில் பலம் இருக்கிறது. மிதித்துக்கொண்டே போவான்.

பதிமூன்று வளைவும் மிதித்துக்கொண்டேயா என்று கேட்கிறீர்கள். நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறீர்கள். அது டீசல் வண்டி சார். அது இருதயராஜ் செய்தது. இது வேறு. நான் நியூட்ரலில் தள்ளவில்லையே. நான் குறைத்தா கொடுத்தேன்? நிறையத்தானே கொடுத்தேன்? நிறையக் கொடுத்தவன் எப்படி சார் கொலைகாரன் ஆவான்?

ஊசிப்பாறைக்கா? இங்கேயிருந்து இருபத்தைந்து நிமிஷம். பத்தே முக்காலுக்குக் கிளம்பியது. இன்னும் மூன்று நிமிஷம் இருக்கலாம். பனி இருந்தால் நான்கு. ஜீப்பில் போனாலும் பிடிக்க முடியாது. அவள் வாசலில் இருந்திருந்தால்... இப்போது உள்ளே போய்விட்டாள்.

அவளைக் கூப்பிட வேண்டுமா? நானா? என்னால் முடியாது சார். வேறு யாரை வேண்டுமானாலும் கூப்பிடுகிறேன். மேனேஜரைக் கூப்பிடட்டுமா? ஆபீஸில் எடுக்கப் பத்து நிமிஷம் ஆகும். அவளை மட்டும்...

சார், கையை விடுங்கள். வயசானவன் சார் நான். போனைக் கொடுங்கள், அது என் போன். சட்டை கிழிகிறது சார்!

சரி. சரி, பேசுங்கள். கடைசியாக வந்த நம்பர்தான், மேலேயே இருக்கும். மணி அடிக்கிறதா? எடுப்பாள், உடனே எடுப்பாள். பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள். மாத்திரை உங்களிடம் தங்கிவிட்டது என்று சொல்லுங்கள். ரோட்டில் மரம் விழுந்துவிட்டது என்று சொல்லுங்கள். எதையாவது சொல்லி மறிக்கச் சொல்லுங்கள், அவள் மறித்துவிடுவாள், அப்படிப்பட்டவள்தான். சார், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், நூறு என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நான் எண்பது என்று சொல்லியிருக்கிறேன்.